நேர ரிலேயும் மின்சுமையும்: கேள்வி பதில்

கேள்வி (சம்மாந்துறை): எங்கள் அரிசி ஆலையில் 4 மோட்டர்கள் உள்ளன. மின்தடை நீங்கியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்புவதால் பிரதான பிரேக்கர் விழுந்துவிடுகிறது. நேர ரிலே இதைத் தீர்க்குமா ஐயா?

பதில்: தீர்க்கும். நேர ரிலே அல்லது தாமத ரிலே என்பது, வைத்த நேரம் கழிந்தபின் தன் தொடுகையை மாற்றும் சுவிட்ச். நேரடியாகத் தொடங்கும் மூன்று பேஸ் மோட்டர், வேகம் பிடிக்கும் வரை தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 6 முதல் 8 மடங்கு இழுப்பதால், நான்கும் ஒரே கணத்தில் இழுக்கும்போது பிரேக்கர் விழுவது இயல்பே. ஆனால் மின்சாரம் வந்தவுடன் ஆலை தானாக ஓடுவதே எனக்கு அதைவிடப் பெரிய கவலை; அப்போது ஒருவர் பெல்ட்டருகே அடைப்பெடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே முதலில் மோட்டர்களின் சாதாரண சுவிட்சுகளை அகற்றி, மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும் தொடக்க, நிறுத்தப் பொத்தான்களைப் பொருத்துங்கள். பிறகு முதல் மோட்டரின் கொன்டக்டரிலுள்ள (சுருளுக்கு மின்சாரம் கிடைத்ததும் மோட்டரை இணைக்கும் பெரிய சுவிட்ச்) துணைத் தொடுகை அடுத்த தாமத ரிலேக்கு மின்சாரம் கொடுக்கட்டும்; அந்த ரிலேயின் 15, 18 என்ற வெளியீட்டு முனைகள், 5 முதல் 10 செக்கன் கழித்து, இரண்டாம் கொன்டக்டரின் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும். மற்றவையும் அவ்வாறே தொடரும். வரிசையைக் கடைசி இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள்: தீட்டும் இயந்திரம் முதலிலும் நெல் ஊட்டும் எலிவேட்டர் இறுதியிலும் ஓட வேண்டும், இல்லையேல் நெல் நடுவில் குவியும். மோட்டரின் மின்னோட்டத்தை ரிலேயின் தொடுகை வழியாக ஒருபோதும் செலுத்தாதீர்கள். அதன் மேல் 5 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. சுருளுள்ள சுமையில் தொடுகை பொறிபட்டு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (அக்கரைப்பற்று): பேக்கரி அடுப்பை நிறுத்திய பின் புகைபோக்கி விசிறி 2 நிமிடம் ஓட, நிறுத்தத் தாமத ரிலே போட்டேன். விசிறி உடனே நின்றுவிடுகிறது.

பதில்: ரிலேயின் ஏ1, ஏ2 முனைகளுக்கான மின்சாரத்தை அடுப்பின் சுவிட்சிலிருந்தே எடுத்திருப்பீர்கள். சாதாரண வகை நேரத்தை எண்ணுவதற்கும் மின்சாரம் வேண்டும். அம்முனைகளுக்கு நிலையான 230 வோல்ட் கொடுத்து, அடுப்பின் சைகையைத் தனி உள்ளீட்டு முனையில் இணையுங்கள். அத்தகைய முனை இல்லாவிட்டால், மின்சாரம் போன பின்னும் உள்ளே சேமித்த ஆற்றலால் எண்ணும் வகையை வாங்குங்கள்.

கேள்வி (கல்லடி): மீன் கடை ஃப்ரீசருக்கு எவ்வளவு தாமதம் வைப்பது?

பதில்: மின்சாரம் திரும்பியபின் 3 முதல் 5 நிமிடம். கம்பிரசரின் இருபக்க அழுத்தமும் சமப்படும் முன் மின்சாரம் கிடைத்தால் அது சுழல முடியாமல் உறுமி, சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் விழும். இது திரும்பத் திரும்ப நடந்தால் சுருள் கருகும். இங்கும் ரிலே கொன்டக்டரையே இயக்க வேண்டும்.

கேள்வி (காத்தான்குடி): பெயர்ப்பலகை விளக்கின் நேரம் மின்வெட்டுக்குப் பின் பின்தங்கிவிடுகிறது.

பதில்: உங்களுடையது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைக் கொண்டு சுழலும் சேமிப்பில்லாத கடிகாரமாக இருக்கும், மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். உள்ளே பற்றரியுள்ள கடிகாரத்தை வாங்குங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): ஸ்டார், டெல்டா மாற்றத்துக்குத் தாமத ரிலேயை எத்தனை செக்கனுக்கு வைப்பது?

பதில்: மோட்டரைக் குறைந்த மின்னோட்டம் இழுக்கும் ஸ்டார் இணைப்பில் தொடங்கி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றுவதே இது. எண்ணை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். ஸ்டாரில் ஓடும்போது அம்பியர் மீற்றரைப் பாருங்கள். முள் இறங்கி நிலைக்கும் கணமே மாற்ற வேண்டிய கணம். ஸ்டாரில் முறுக்குவிசை மூன்றிலொன்றே என்பதால், சுமை கூடிய மோட்டர் அங்கே வேகம் பிடிக்காமல் தவித்தால், நேரத்தை நீட்டாமல் தொடக்கச் சுமையைக் குறையுங்கள். ஸ்டார் கொன்டக்டர் விட்ட பின்பே டெல்டா பிடிக்கும்படி இரண்டுக்கும் இடையே தடைப்பூட்டு கட்டாயம் இருக்கட்டும்.