எலியின் உடலில் வெவ்வேறு இடங்களில் உள்ள மீசைமுடிகளுக்கெல்லாம் உணர்வு தருவது ஒரே நரம்பா?

மூக்கின் இருபுறமும் இருப்பவை, புருவத்தின் மேல் இருப்பவை, தாடைக்கு அடியில் இருப்பவை, முன்னங்காலின் மணிக்கட்டருகே இருப்பவை ஆகிய அனைத்தும் மீசைமுடிகள் என்றால், அவற்றின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வதும் ஒரே நரம்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முடி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து நரம்பு அமைவதில்லை. அது முளைத்திருக்கும் தோல் எந்த நரம்பின் எல்லைக்குள் வருகிறதோ அந்த நரம்பே அதற்கும் உணர்வு தருகிறது. முகத்து மீசைமுடிகள் ஐந்தாவது மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பைச் சார்ந்தவை; முன்னங்கால் மீசைமுடிகள் தண்டுவட நரம்புகளைச் சார்ந்தவை.

முகத்திலும் ஒரே கிளை எல்லா இடத்துக்கும் போவதில்லை. கண்ணுக்கு மேலுள்ள நீண்ட முடிகளுக்கு முக்கிளை நரம்பின் முதற்கிளையான கண் நரம்பு உணர்வு தருகிறது. மேலுதட்டுத் திண்டில் ஐந்து வரிசைகளாக நிற்கும் பெரிய மீசைமுடிகளுக்கு இரண்டாம் கிளையான மேல்தாடை நரம்பிலிருந்து பிரியும் கண்குழிக்கீழ் நரம்பு வருகிறது. கண்குழிக்குக் கீழேயுள்ள எலும்புத் துளை வழியாக வெளிப்பட்டு மீசைத் திண்டுக்குள் விசிறியாக விரியும் இந்த நரம்பு, எலியின் உடல் அளவோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் அளவுக்குத் தடித்தது. கீழுதடு, மோவாய், கீழ்த்தாடையின் அடிப்பகுதி ஆகியவற்றில் உள்ளவை மூன்றாம் கிளையான கீழ்த்தாடை நரம்பின் பொறுப்பில் இருக்கின்றன.

மேலுதட்டு மீசைமுடி ஒவ்வொன்றின் மயிர்க்காலும் தனி உணர்வுறுப்பு என்றே சொல்லத் தக்கது. இரத்தம் நிறைந்த குழியும் அதைச் சுற்றிய உறுதியான உறையும் உள்ள அந்த மயிர்க்காலுக்குள் இரு வழிகளில் நரம்பு நுழைகிறது: பெரும்பாலான இழைகளைக் கொண்ட ஆழ் நரம்பு உறையின் கீழ்ப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போகிறது, மெல்லிய மேல் நரம்புகள் தோலை ஒட்டிய கழுத்துப் பகுதிக்கு வருகின்றன. உள்ளே மெர்கெல் முனைகள் (மெர்கெல் அணுக்களோடு இணைந்த தொடு உணர்வு முனைகள்), ஈட்டி வடிவ முனைகள், உறையற்ற நரம்பு முனைகள் எனப் பல வகை முனைகள் தத்தம் இடங்களில் அமைந்திருப்பதால், முடி எந்தத் திசையில் எவ்வளவு வளைந்தது, வளைந்தபடியே நிற்கிறதா, வேகமாக நகர்கிறதா என்பனவெல்லாம் தனித்தனிச் செய்திகளாகப் புறப்படுகின்றன.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் ஓர் இடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மீசையை முன்னும் பின்னும் ஆட்டும் தசைகளை இயக்குவது ஏழாவது மூளை நரம்பாகிய முக நரம்பு. தொட்டதை உணர்வது முக்கிளை நரம்பு. முக நரம்பை வெட்டினால் மீசை அசையாமல் நிற்கும், ஆனால் அதைத் தொட்டால் எலி உணரும். கண்குழிக்கீழ் நரம்பை வெட்டினால், மேலுதட்டு மீசை ஆடக்கூடும், ஆனால் அதன் தொடு உணர்வு மூளையை எட்டாது.

முக மீசையின் செய்தி, முக்கிளை நரம்பணு முடிச்சு (அந்த நரம்பின் அணு உடல்கள் கூடியிருக்கும் இடம்), மூளைத் தண்டிலுள்ள முக்கிளை நரம்புக் கருக்கள் (நரம்பணுக் கூட்டங்கள்), புலன் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் மூளைப் பகுதியான தலாமஸ் ஆகியவற்றைக் கடந்து பெருமூளையின் மேலடுக்காகிய பெருமூளைப் புறணியை அடைகிறது. அங்கே மேலுதட்டுப் பெரிய முடி ஒவ்வொன்றுக்கும் ஒரு நரம்பணுத் தொகுதி என்ற ஒழுங்கு இருப்பதை 1970-இல் தாமஸ் வூல்சியும் ஹென்றிக் வான் டெர் லூஸும் சுண்டெலியில் விவரித்து, அந்தத் தொகுதிகளுக்குப் பீப்பாய்கள் என்று பெயரிட்டனர். பிறந்த சில நாட்களுக்குள் ஒரு வரிசை மயிர்க்கால்களைச் சிதைத்தால் அவற்றுக்குரிய பீப்பாய்கள் இயல்பாக உருவாவதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. வெளியே உள்ள முடியின் வரைபடம் மூளைக்குள் உருவாவதற்கு நரம்பின் வழியே வரும் தொடர்பு எவ்வளவு தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

முன்னங்காலின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள சில மீசைமுடிகளைப் பாடநூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே. அவற்றின் இழைகள் முன்னங்கால் நரம்புப் பின்னலின் கிளைகள் வழியாகச் சென்று, தண்டுவடத்தை ஒட்டிய முதுகுவேர் நரம்பணு முடிச்சுகளில் தம் அணு உடலைக் கொண்டுள்ளன. அங்கிருந்து தண்டுவடத்தின் பின்தூண் வழியாக மூளைத் தண்டுக்கு ஏறுகின்றன. தலாமஸிலும் முகத்துக்குரிய பகுதிக்கு அடுத்த, உடலுக்குரிய பகுதியையே அவை சேர்கின்றன. ஆகவே முக்கிளை நரம்பின் மூன்று கிளைகளும் முற்றிலும் செயலிழந்தாலும் மணிக்கட்டு மீசையின் உணர்வு கெடாது.

மயிரில்லா மோல் எலியின் உடல் முழுவதும் ஆங்காங்கே நிற்கும் நீண்ட உணர்முடிகளும் இதே விதிக்கு உட்பட்டவை: கழுத்துக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தண்டுவட நரம்புகளே உணர்வு தருகின்றன. இருண்ட சுரங்கத்தில் வாழும் அந்த விலங்கின் உடலில் ஒரே ஒரு முடியை அசைத்தாலும் அது தன் மூக்கை அந்த இடம் நோக்கித் திருப்புகிறது.