நாங்க கூட்டிட்டுப் போகாத எடமா?

வணக்கம் மேடம்,

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு இருந்தேங்க, இன்னிக்கு மனசே கேக்கல, அதான் உக்காந்துட்டேன். ஊர் கோயமுத்தூர், வடவள்ளி பக்கம். வீட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனியில இருக்காரு. பெரியவனுக்கு இந்த செப்டம்பர்ல 13 முடிஞ்சுது, சின்னவளுக்கு 9. ரெண்டு பேருமே ஸ்கூல் போறதில்லைங்க. 2020ல ஆன்லைன் கிளாஸ்னு ஒண்ணு நடந்துச்சே, அப்ப பெரியவன் ரெண்டாவது முடிச்சிருந்தான், போன் முன்னாடி தூங்கி விழுந்துட்டு இருந்தான், இதுக்கு நாமளே சொல்லிக் குடுத்துடலாமேன்னு நிறுத்தினது, அப்பறம் அனுப்பவே இல்ல. சின்னவ ஸ்கூல் வாசலே மிதிக்கல. படிப்பெல்லாம் நல்லாத்தான் போகுது, அதப் பத்தி எனக்கு எந்தக் கவலையும் இல்ல.

கவலை என்னன்னா ஊர் வாய்தான். முக்கியமா என் நாத்தனார். "புள்ளைங்க நாலு பேரோட பழகாம வளருது"ன்னு எங்க பாத்தாலும் இதே பாட்டு. எனக்கு எப்படி எரியும் சொல்லுங்க? எங்க வீட்டுக்கல்வி குரூப்ல 11 குடும்பம் இருக்கோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை அவுட்டிங். நாங்க கூட்டிட்டுப் போகாத எடமா? காஸ் மியூசியம், வ.உ.சி. பார்க், ஆனைகட்டி, சிங்காநல்லூர் குளத்துக்கு காலைல ஆறு மணிக்கே பைனாகுலரோட போய் பறவை பாத்திருக்கோம், தொண்டாமுத்தூர்ல ஒருத்தர் தோட்டத்துல சின்ன வெங்காயம் நட்டிருக்கோம், பொங்கல் எல்லாரும் சேர்ந்து வெளியடுப்பு வச்சு, நவராத்திரிக்கு எங்க வீட்டு கொலுவுல பசங்களே களிமண்ல பண்ணின பொம்மை ஒரு படி முழுக்க. ஸ்கூல் போற எந்தப் புள்ளைக்கு இதெல்லாம் கிடைக்குது? ஒவ்வொரு தடவையும் ஸ்டேட்டஸ்ல போட்டோ போடறேன், நாத்தனார் அஞ்சே நிமிஷத்துல பாத்துடறாங்க, ஒரு நாளும் ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல.

போன மாசம் அவங்க பொண்ணுக்கு தெரட்டி, அதாங்க மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் எங்களோடது, குறை வைக்காம செஞ்சோம். மண்டபத்துல வரிசையா சீர்த்தட்டோட நிக்கறப்ப அவங்க பக்கத்துப் பெரியம்மா ஒருத்தங்க எங்க பையன்கிட்ட "எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு போற?"ன்னாங்க. நான் சட்டுனு "இவன் வீட்லயே படிக்கறாங்க பெரியம்மா, என்.ஐ.ஓ.எஸ்.னு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுல எழுதுவான், அதுவும் கவர்ன்மென்ட் போர்டுதான்"னு பொறுமையா விளக்கிட்டு இருக்கேன், அவன் பாட்டுக்கு தட்டுல இருந்த ஆப்பிள் ஸ்டிக்கர நகத்தால சொரண்டிட்டு நின்னான். அப்ப நாத்தனார் எல்லார் முன்னாடியும், "ஏன் அண்ணி, அவனுக்கு வாய் இல்லையா?"ன்னு சிரிச்சுட்டே கேட்டாங்க. அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் சோறு எறங்க மாட்டேங்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "விடு"ன்னு ஒரே வார்த்தை.

பர்த்டேக்கு காலனி பசங்க ஒன்பது பேரக் கூப்பிட்டோம். அவனுக்குப் புடிச்ச மைன்கிராஃப்ட் கேம்ல வர்ற க்ரீப்பர் மூஞ்சி போட்டு பச்சைக் கலர்ல ரெண்டு கிலோ கேக். வந்தது ரெண்டே பேர். கேட்டா காலாண்டுப் பரீட்சையாம். ஒரு மணி நேரம் வந்துட்டுப் போக முடியாதா, நம்மள மதிக்கலைன்னுதான அர்த்தம்? பாதி கேக் ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்லயே கெடந்துச்சு.

எங்க குரூப்லயும் இப்ப முன்ன மாதிரி இல்ல. பெரிய பசங்க ரெண்டு பேர் இருந்தாங்க, இந்த ஜூன்ல ஒன்பதாவதுல ஸ்கூல்ல சேர்த்துட்டாங்க, இவ்ளோ வருஷம் கொள்கை பேசிட்டு இப்படிப் பண்ணா எப்படி? மிச்சம் இருக்கறதுல நாலு குடும்பம் எங்களுக்குச் சொல்லாமலே ஆரோவில் போய்ட்டு வந்திருக்காங்க, போட்டோ பாத்துத்தான் தெரியும். யாரெல்லாம் எங்க வீட்ல கொலுவுக்கு வந்து சுண்டல் சாப்பிட்டாங்களோ அவங்கதான்.

இதுல பெரியவன் இப்ப அவுட்டிங்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறான். ஆன்லைன்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் புடிச்சிருக்கான், மைன்கிராஃப்ட் விளையாடப் போய் பழக்கம், ஒருத்தன் மதுரை, ஒருத்தன் மலேசியா கிள்ளான்ல தமிழ்ப் பையன். 13 ஆயிடுச்சுன்னு, கேம் ஆடறப்ப பேசிக்கற டிஸ்கார்டு ஆப்பும் வாங்கிக்கிட்டான். தினம் சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு, ஏழுக்கு மேல கிள்ளான்ல ஒன்பதரை ஆயிடுமாம், அவன் தூங்கப் போயிடுவானாம். பர்த்டே அன்னிக்கு எங்க முன்னாடி ஒரு சிரிப்பு இல்ல, ரூமுக்குள்ள போய் அவனுங்க ஹெட்போன்ல பாட்டுப் பாடினதுக்கு அப்படிச் சிரிக்கறான். போன வாரம் மொட்டை மாடிக்கு துணி எடுக்கப் போறேன், அங்க உக்காந்து அந்தப் பையன்கிட்ட "எங்க பி.டி. சார் இன்னிக்கு கிரவுண்ட ஆறு ரவுண்டு ஓட விட்டாருடா, எட்டாவது பி மொத்தமும் காலி"ன்னு பேசிட்டிருக்கான், ஏதோ கேம்ல வர்ற பேச்சு போலன்னு வந்துட்டேன், துணி வேற பாதி நனஞ்சு போச்சு. அத விடுங்க, எவ்ளோ செலவு பண்ணி எவ்ளோ எடம் கூட்டிட்டுப் போனாலும் முகம் தெரியாத பசங்கதான் ஒசத்தியாப் போச்சேன்னுதான் வருத்தம்.

இப்ப தை மாசம் நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம் வருது. மறுபடியும் அதே கேள்வி வரும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஸ்கூலுக்கு அனுப்பாதது தப்புன்னு அவங்க வீட்டுக்காரர் வேற பேசறாரு. இவங்க வாய அடைக்க நான் என்ன பதில் சொல்லணும்? அந்த டிஸ்கார்டப் புடுங்கிடலாமா?

பெயர் வேண்டாம்,
வடவள்ளி, கோவை

•

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க கடிதத்துல நாத்தனாருக்குக் கிடைச்ச எடம் யாருக்கும் கிடைக்கல. மழையில நனஞ்ச துணிக்குக் கூட ஒரு எடம் இருக்கு. எட்டாவது பி செக்‌ஷனுக்கு மட்டும் "அத விடுங்க"ன்னு எழுதிட்டீங்க. நான் அத விடறதா இல்லைங்க.

மைன்கிராஃப்ட்ல பி.டி. சார் வர மாட்டாரு. அது உங்களுக்கும் தெரியும், இல்லேன்னா அவ்வளவு ஞாபகமா ஆறு ரவுண்டு வரைக்கும் எழுதியிருக்க மாட்டீங்க. உங்க பையன் ஒரு ஸ்கூலக் கட்டி வச்சிருக்கான். அதுல செக்‌ஷன் இருக்கு, கிரவுண்டு இருக்கு, வேலை வாங்கற சார் இருக்காரு, கூட ஓடி மூச்சு வாங்கற பசங்க இருக்காங்க. இது ஒரு நாள்ல வந்த பேச்சு இல்ல. அந்த ஸ்கூல் ரொம்ப நாளா நடந்துட்டு இருக்கும்னுதான் நெனக்கறேன்.

உடனே "அப்ப ஸ்கூல்ல சேர்த்துடணுமா"ன்னு பதறாதீங்க, நான் அப்படிச் சொல்ல வரல. ஸ்கூல் வேணும்னு ஆசையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதிமூணு வயசுல சிநேகம்னா பாதி சேர்ந்து உக்காந்து பொலம்பறதுதான். மதுரைக்காரன் மேக்ஸ் டெஸ்ட்டப் பத்தி பொலம்புவான், கிள்ளான்காரன் அவன் டீச்சரத் திட்டுவான், இவன் முறை வர்றப்ப என்ன சொல்லுவான்? அம்மாவோட குளத்துல பறவை பாத்தேன்னா? நல்ல விஷயம்தான், ஆனா அத வச்சுப் பொலம்ப முடியாது. அதான் அவனுக்குன்னு ஒரு பி.டி. சார உண்டாக்கிக்கிட்டான்.

இப்ப அந்த மண்டபத்துக்கு வர்றேன். பெரியம்மா கேட்டது அவன்கிட்ட. பதில் சொன்னது நீங்க. அதப் "பொறுமையா விளக்கினேன்"னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தாலும் சொல்றேன், நாத்தனார் சிரிச்ச விதம் தப்பு, நாலு பேர் முன்னாடி கேட்டது தப்பு, கேட்ட கேள்வி சரி. சோறு எறங்காததுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும். வெறும் பொய்யா இருந்திருந்தா இந்நேரம் ஜீரணம் ஆயிருக்கும்.

"எந்த ஸ்கூல்?"ங்கற கேள்வி உங்க பையனுக்கு அஞ்சு வருஷமா வந்துட்டே இருக்கு. கல்யாண வீட்ல, பஸ்ல, முடி வெட்டற கடையில. ஒரு தடவையாவது அவனே பதில் சொல்லி முடிச்சிருக்கானான்னு யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க முந்திக்கிட்டு போர்டு பேரு, கவர்ன்மென்ட் அங்கீகாரம்னு அடுக்கும்போது, அவன் காதுல விழறது "நம்மகிட்ட விளக்கம் குடுக்க வேண்டிய ஏதோ குறை இருக்கு"ங்கறதுதான். அம்மா பக்கத்துல இல்லாம இந்தக் கேள்வி வந்த மொத எடம் அந்த ஹெட்போனாத்தான் இருக்கும். அங்கதான் மொதமொதல்ல அவனா பதில் சொல்லியிருக்கான். பொய்யான பதில்தான். ஆனா யாருமே விளக்கம் கேக்காத பதில், அந்த நிம்மதிக்குத்தான் சொல்லியிருக்கான்.

ஸ்டேட்டஸ் விஷயமும் இதுதாங்க. நாத்தனார் அஞ்சு நிமிஷத்துல பாக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுதுன்னா, நீங்க அந்த அஞ்சு நிமிஷமும் போனத்தான் பாத்துட்டு இருக்கீங்க. அப்ப குளத்துல உங்க பக்கத்துல நின்னது பையனா, இல்ல நாத்தனாரா? வெங்காயம் நட்டதும் களிமண் பொம்மையும் அருமையான விஷயங்கள், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சின்னவ அதையெல்லாம் அனுபவிக்கறா போல, அவளப் பத்தி நீங்க ஒரு குறையும் எழுதல. ஆனா பெரியவனுக்கு வயசு ஏற ஏற, தான் ஊருக்குக் காட்டற சாட்சியா நிறுத்தப்படறது புரிய ஆரம்பிச்சுடும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது அவுட்டிங் மேல இருக்கற கோவம்னு நான் நினைக்கல, அந்த கேமரா மேல இருக்கற கோவமாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. ஜூன்ல ரெண்டு பெரிய பசங்க போனத நீங்க கொள்கைத் துரோகமா எழுதியிருக்கீங்க. அவனப் பொறுத்தவரைக்கும் அது அவன் வயசுல இருந்த ரெண்டே ரெண்டு பேர். பத்தாவது நெருங்கறப்ப நிறைய குடும்பம் பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிடும், வீட்டுக்கல்வி குரூப்ல எல்லாம் இது நடக்கறதுதான். மிஞ்சறது ஏழு எட்டு வயசுக் குட்டிங்க. நீங்க குரூப்னு சொல்றது இப்ப உங்களுக்கும் சின்னவளுக்கும்தான் குரூப், அவன் அங்க குழந்தைங்களப் பாத்துக்கற அண்ணன். ஆரோவிலுக்குக் கூப்பிடலைங்கற வருத்தம் நியாயமானது, ஆனா அது உங்க வருத்தம், அத அவன் கணக்குல சேர்க்காதீங்க. அந்த ரெண்டு பசங்களையும் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்க. கொள்கை பேசாம தோசை ஊத்திப் போடுங்க, போதும்.

பர்த்டேல நான் உங்க பக்கம் இல்ல. காலாண்டுப் பரீட்சை வாரத்துல காலனி பசங்க வர முடியாதது அவமரியாதை இல்லைங்க, அது அவங்க வீட்டு நடைமுறை. உங்க வீட்ல பரீட்சை கிடையாதுங்கறதால ஊர்லயும் கிடையாதுன்னு ஆயிடாது. அடுத்த வருஷம் பரீட்சை முடிஞ்சு லீவுல வைங்க, பிறந்த தேதிய ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் கொறஞ்சிடாது.

சட்டத்தப் பத்தி ரெண்டு வரி. 2009 சட்டம் 6ல இருந்து 14 வரைக்கும் குழந்தைக்குக் கல்வி உரிமையத் தருது, பெத்தவங்களுக்கு ஒரு கடமையும் சொல்லுது, ஆனா ஸ்கூலுக்கு அனுப்பாத பெத்தவங்களுக்கு அபராதம், ஜெயில்னு அதுல எதுவும் எழுதல. இத நாத்தனார் வீட்டுக்காரர்கிட்ட போய் வாதாட வேண்டாம். நீங்க யோசிக்க வேண்டியது வேற. என்.ஐ.ஓ.எஸ்.ல பத்தாவதுக்குச் சேர 14 வயசு ஆகணும், அது பக்கத்துல வந்துடுச்சு. அந்த ஃபார்ம நிரப்பறதுக்கு முன்னாடி, வீட்லயே தொடரணுமா, ஸ்கூலான்னு அவன்கிட்ட ஒரு தடவை நிஜமாவே கேளுங்க. "ஸ்கூல்"னு சொன்னா அழக் கூடாது. அழ மாட்டேன்னு உங்களுக்கே நம்பிக்கை வந்தப்பறம் கேளுங்க.

டிஸ்கார்டப் புடுங்காதீங்க. இப்ப அவன் சிரிக்கற ஒரே எடம் அது. அதுக்காகக் கண்ண மூடிக்கவும் சொல்லல. அந்த ரெண்டு பேரும் நிஜமாவே பசங்கதானான்னு ஒரு தடவை வீடியோ கால்ல உங்க வீட்டுக்காரர் ஹாய் சொல்லிட்டு வரட்டும், முடிஞ்சா அந்த அம்மாக்கள்ல ஒருத்தர்கிட்டயாவது பேசுங்க. வீட்டு அட்ரஸ், போட்டோ, பணம் யாருக்கும் கிடையாது, "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு எவன் சொன்னாலும் மொதல்ல அம்மாகிட்டதான் வரணும்னு சொல்லி வைங்க. கூடவே, என்ன சொன்னாலும் போனப் புடுங்க மாட்டேன்னு நீங்களும் வாக்குக் குடுக்கணும், இல்லேன்னா வர மாட்டான்.

மொட்டை மாடிப் பேச்ச மறைக்காதீங்க. "துணி எடுக்க வந்தப்ப காதுல விழுந்துச்சுடா, வேணும்னு கேக்கல"ன்னு சாதாரணமா சொல்லுங்க. "ஏன் பொய் சொன்ன?"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. அதுக்குப் பதிலா, எட்டாவது பி-ல யாரெல்லாம் இருக்காங்க, பெஞ்ச்ல உன் பக்கத்துல யாரு, பி.டி. சார் எப்படி, மத்தியானம் யார் டிபன் பாக்ஸ்ல இருந்து எடுத்துச் சாப்பிடுவன்னு கேளுங்க. வெக்கப்படுவான். மொத நாள் ஒண்ணும் சொல்லாமகூட எழுந்து போவான். மறுநாளும் கேளுங்க. அவனுக்கு நிஜத்துல எது வேணும்ங்கறது அந்த கிளாஸ்ரூமுக்குள்ளதான் இருக்கு, என்கிட்ட இல்ல.

தை மாசம் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டாயம் போங்க. யாராவது "எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு?"ன்னு அவனப் பாத்துக் கேட்டாங்கன்னா, இலையில இருந்து ஒரு ஜாங்கிரிய எடுத்து உங்க வாயில போட்டுக்குங்க. முழுசா. நீங்க மென்னு முடிக்கறதுக்குள்ள அவன் ஏதாவது சொல்லியிருப்பான்.