டாக்டர் ஹேவர்டும் ஒரு தலைமுழுக்கும்

அன்புள்ள ஐயா,

நான் டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட், அதாவது பயிற்சி மருத்துவர். வீட்டுக்காரப் பாட்டி ‘ஆல் மை சில்ட்ரன்’ என்ற பழைய தொடரின் துண்டுகளை யூடியூபில் தேடித்தேடிப் பார்ப்பார். டியூட்டி முடிந்து வந்து சாப்பிடும்போது நானும் பார்ப்பேன். அதில் டேவிட் ஹேவர்ட் என்று ஒரு இதயநோய் மருத்துவர். விருந்தில் பழரசத்தில் மருந்து கலக்கிறார். விபத்தில் சிக்கிய ஒரு பெண் செத்துவிட்டதாக ஊரையே நம்பவைத்து, மறைத்துவைத்து வைத்தியம் பார்க்கிறார். பிறகு தானே கொலையுண்டதாக நாடகமாடி, அந்தப் பழியை ஊர்க்காரர்கள் சுமக்க விடுகிறார். “நீயும் இப்படித்தானா?” என்று பாட்டி என்னைக் கேலி செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே நோயாளிகள் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஏன் எப்போதும் டாக்டரே வில்லன்? இதனால் மருத்துவத்தின் மேல் உள்ள நம்பிக்கை கெடாதா? இந்தத் தொடர்களை உங்களைப் போன்றவர்கள் கண்டிக்காமல் இருப்பது ஏன்? அல்லது இதெல்லாம் பேசத் தகுதியில்லாத குப்பை என்று நினைக்கிறீர்களா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை உடனே எடுத்ததற்குக் காரணம் சுயநலம்தான். டேவிட் ஹேவர்ட் என்ற பெயரைத் தமிழில் எழுதி எனக்கு ஒருவர் அனுப்புவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் அந்த ஆள் மதியம் ஒரு மணிக்கு என் வீட்டுக்கு வந்துபோனார்.

முதலில் சில கேள்விகளை ஓரம்கட்டிவிடுகிறேன். குப்பையா என்ற கேள்விக்கு என்னிடம் நேரமில்லை. 1970 ஜனவரியில் தொடங்கி 2011 செப்டம்பர் 23 வரை, வாரத்துக்கு ஐந்து நாள், பத்தாயிரம் எபிசோடுகளுக்கும் மேல் ஓடிய ஒன்றில் குப்பையும் இருக்கும், குன்றிமணியும் கிடக்கும். கண்டிக்க வேண்டாமா என்கிறீர்கள். நான் என்ன பஞ்சாயத்துத் தலைவரா? நம்பிக்கை கெடாதா என்பதற்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். டாக்டர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை போனால் அதற்கான காரணம் பில்லில் இருக்கும், வரவேற்பறையில் காக்கவைத்த மூன்று மணி நேரத்தில் இருக்கும். பழரசத்தில் மருந்து கலக்கிய கற்பனை ஆசாமி மேல் அதைத் தூக்கிப்போடாதீர்கள். அது சௌகரியமான பதில். முப்பது மணி நேரம் தூங்காமல் வேலை பார்க்கிற உங்களுக்குச் சௌகரியமான பதில் தேவைப்படுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

ஏன் டாக்டரே வில்லன்? இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தொடர்கதை எழுதிப் பிழைப்பவன் கண்ணால் பாருங்கள். தினமும் ஒரு ரகசியம் வேண்டும். யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் உண்மையில் செத்தார்கள், யாருக்கு நினைவு போயிற்று, யாருக்கு எத்தனை நாள் மிச்சம். இந்த நான்கு பெட்டிகளும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன, சாவியும் ஒரே ஆளின் கோட்டுப் பையில் இருக்கிறது. வக்கீலுக்குச் சொத்து ரகசியம் தெரியும், பாதிரியாருக்குப் பாவம் தெரியும். பிறப்பையும் இறப்பையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டர். நல்ல டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. கெட்ட டாக்டர் போட்டால் ஐந்து வருடம் கழித்து அதை அடித்து எழுதலாம். அவன் கதாசிரியனின் அழிரப்பர், ம. உங்கள் தொழிலை அவமதிக்க யாரும் அவனைப் படைக்கவில்லை.

அழிரப்பரால் எதை அழிக்கலாம், எதை அழிக்கக்கூடாது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.

நீங்கள் வெறுக்க வேண்டியது ஹேவர்டை அல்ல. அதே தொடரில் கிரெக் மேடன் என்று ஒரு மகப்பேறு மருத்துவர் வருவார், பாட்டியிடம் கேளுங்கள். அதற்கு முன்கதை கொஞ்சம் தெரியவேண்டும். இந்தத் தொடரை உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன். 1962இல் ‘கைடிங் லைட்’ தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, தோழி ஒருத்தியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில், பெர்ட் பவர் என்ற குடும்பத்தலைவிக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாகக் கதை வைத்தார். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் பாப் பரிசோதனை ஏன் செய்துகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கதாபாத்திரம் வழியாகப் பெண்களுக்குச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், ‘புற்றுநோய்’, ‘கருப்பை’ என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்ல அனுமதியில்லை. சோப்பு விளம்பரம் ஓடுகிற நேரத்தில் அந்த வார்த்தைகளா? அவற்றைச் சொல்லாமலே சொல்லிமுடித்தார் அந்த அம்மையார்.

1973இல், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே ஆண்டில், ‘ஆல் மை சில்ட்ரன்’ நாயகி எரிகா கேன் கருவைக் கலைத்தாள். சூசன் லூச்சி நடித்த பாத்திரம். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் சட்டபூர்வமான முதல் கருக்கலைப்பு அதுதான். உயிருக்கு ஆபத்து, பலாத்காரம் என்று எந்தச் சாக்கும் அவளுக்குத் தரப்படவில்லை. மாடலிங் தொழில் பாழாகிவிடும், அதனால் வேண்டாம். அவ்வளவுதான். அவள் சுயநலக்காரி, பொய்க்காரி, பார்ப்பவர்களுக்குப் பாதி நாள் அவளைப் பிடிக்காது. ஆனாலும் முடிவு அவளுடையது.

முப்பது வருடம் கழித்து, எழுத்து வேறு கைகளுக்குப் போன பிறகு, டாக்டர் மேடன் வருகிறார். அன்று எரிகாவின் கருவை அவர் கலைக்கவே இல்லையாம். எடுத்துத் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டாராம். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து ஜாஷ் என்ற பெயரில் வந்து நிற்கிறானாம். நீங்கள் டாக்டர், சிரிப்பீர்கள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததே 1978இல். இவர் 1973இலேயே நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டுவிட்டார். விஞ்ஞானத்தை விடுங்கள், தொடர்கதைக்கு அது தேவையில்லை. ஒரு பெண் எடுத்த முடிவை, பின்னால் வந்த ஒருவர் ‘நீ அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை’ என்று அழித்துவிட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவள் தப்பு செய்தாள் என்று காட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவளோடு வாதாடுவதாக ஆகியிருக்கும். இது வாதாட்டம்கூட இல்லை. மேடனைக் கடைசியில் உயிரோடு பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. புதைத்தவன் டாட் மார்ட்டின் என்ற பாத்திரம், தன் முன்னாள் மனைவி டிக்ஸியின் குழந்தையை எங்கே மறைத்தாய் என்று கேட்டு. இந்த டிக்ஸியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2006 கடைசியில் என் அம்மா ஆறு மாத விசாவில் நியூஜெர்சிக்கு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஆங்கிலத்தில் தெரிந்தது எஸ், நோ, டேங்க்யூ. வெளியே பனி, நாங்கள் இருவரும் வேலைக்கு. ஒரு சனிக்கிழமை ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தோம். அடுத்த வாரம் பார்த்தால், மதியம் ஒரு மணிக்கு ஏபிசி சேனலில் ‘ஆல் மை சில்ட்ரன்’ கதை நடக்கிற பைன் வேலி என்ற ஊரில் எங்கம்மா குடியேறிவிட்டாள். அந்த வருடம் எனக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. பக்கத்து அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். அம்மா ஓடிவந்து கதவைத் தட்டுவாள். “எல, அந்த நெஞ்சு டாக்டரு வந்துட்டாம்ல. இன்னிக்கி என்னமோ செய்யப்போறான்.”

ஒரு வார்த்தை புரியாது. எப்படித் தெரியும் என்று கேட்டால், “கதவுப் பக்கம் வந்து நின்னு, ஒரு நிமிசம் மூச்சப் பிடிச்சிட்டு உள்ள வாரான் பாரு. பொய் சொல்லப்போறவன் அப்பிடித்தாம் வருவான்” என்றாள். ஹேவர்டாக நடித்தவர் வின்சென்ட் இரிசாரி. பிறகு நான் கவனித்துப் பார்த்தேன், அம்மா சொன்னது அப்படியே சரி. 2009இல் அவருக்குப் பகல்நேரத் தொடர்களுக்கான டேடைம் எம்மி விருது கொடுத்தார்கள். எங்கம்மா இரண்டு வருடம் முந்தியே கொடுத்துவிட்டாள். (இந்த இரிசாரியே ‘கைடிங் லைட்’டில் லூஜாக் என்ற பாத்திரமாகச் செத்து, சில வருடம் கழித்து அவனுடைய இரட்டைச் சகோதரனாகத் திரும்பி வந்தவர். செத்தவரை எழுப்பும் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்?)

ஒருநாள் அம்மா சொன்னது உங்களுக்கானது. கெட்டவனை இப்படி ரசிக்கிறாயே என்று கேலி செய்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “கெட்டவன்தான். ஆனா மொகத்தப் பாத்துப் பேசுதான்ல.”

அப்பா போனது ஊரில் ஒரு மருத்துவமனையில். பெயர் வேண்டாம். விடிகாலை நாலே முக்கால். வராந்தாவில் இருந்த மரப் பெஞ்சில் அம்மா, நான், சித்தப்பா. டாக்டர் வெளியே வந்தார், இளைஞர், உங்கள் வயதுதான் இருக்கும். கையில் இருந்த கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, ஏதோ பக்கத்தைத் தேடுகிற மாதிரி, அதைப் பார்த்தபடியே சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. சட்டைப்பையில் மூடி போடாத நீலப் பேனா, மை கசிந்து காசு அகலத்துக்கு வட்டமாகப் பரவியிருந்தது. அந்த மூன்று நிமிடத்தில் அம்மா பார்த்த முகம் அந்த மைக்கறைதான். அவர் நல்ல டாக்டர் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருக்கும். பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை. ஹேவர்டால் மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் என்று எழுதுகிறீர்களே ம., நீங்கள் அந்த வராந்தாவில் எப்படி நிற்கிறீர்கள் என்று எனக்கு எழுதியிருக்கலாம்.

சரி, டிக்ஸி. 2007 ஜனவரி. வேறொருத்திக்கு வைத்த விஷம், பான்கேக்கில் கலந்தது, டிக்ஸி தின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது டிவி அணைந்திருந்தது, குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஈரத்தலையோடு வந்தாள். ஹீட்டர் போட்டும் பல் கிட்டுகிற குளிர். என்னம்மா, காலையில்தானே குளித்தாய் என்றேன். “தலைக்கு ஊத்தாம எப்பிடில சோத்துல கை வைக்க? எத்தன நாளு பழகுன புள்ள.” அதற்கப்புறம் அந்த ஆறு மாதத்தில் எந்தக் கடையிலும் பான்கேக்கைத் தொட்டதில்லை.

டிக்ஸி அதற்கு முன்பே 2002இல் ஒருமுறை கார் விபத்தில் ‘செத்து’ மூன்று வருடம் கழித்துத் திரும்பியவள் என்று அப்போது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

2010 தொடக்கத்தில் படப்பிடிப்பை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். முதல் வருடத்திலிருந்து நல்ல டாக்டர் ஜோ மார்ட்டினாக நடித்த ரே மெக்டானல் அத்தோடு விடைபெற்றுக்கொண்டார். அவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை பார்த்தீர்களா, நீங்கள்கூட எழுதவில்லை. நாற்பது வருடம் நல்லவராக இருந்தவர். 2011 ஏப்ரலில் தொடரையே நிறுத்தப்போவதாக ஏபிசி அறிவித்தது. பழைய நடிகர்களை ஒருமுறை கூட்டிவந்து காட்டவேண்டும், ஆனால் பாதிப் பேர் கதையில் பிணம். யாரைக் கூப்பிடுவது? ஹேவர்டைத்தான். ஆர்ஃபியஸ் திட்டம் என்று ஒன்று. செத்ததாக ஊர் அழுது முடித்தவர்களை ரகசியமாகப் பிழைக்கவைத்து வைத்திருந்தாராம். டிக்ஸி வந்தாள், ஸாக் வந்தான், சுடப்பட்டுச் செத்த ஸ்டூவர்ட் வந்தான். கிரேக்கக் கதையில் ஆர்ஃபியஸ் செத்த மனைவியை மீட்டு வரும் வழியில் திரும்பிப் பார்த்துத் தோற்றவன் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். நம் மயிலாப்பூர்ப் பூம்பாவையை நினைத்தேன். குடத்தில் இருந்த எலும்பிலிருந்து சம்பந்தர் எழுப்பினார். எழுப்பிய பின் தகப்பன், நீரே கட்டிக்கொள்ளும் என்கிறார். உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, முடியாது என்கிறார் அவர். அந்தப் பெண் கன்னிமாடத்திலேயே இருந்துவிடுகிறாள். திரும்பி வந்தவளுக்குப் பழைய இடம் அப்படியே காத்திருக்காது என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தோஷமாகத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. டேவிட் கேனரி என்ற ஒரே நடிகர்தான் ஆடமாகவும் ஸ்டூவர்ட்டாகவும் இரட்டை வேடம் போட்டவர், அண்ணன் தம்பி மறுபடி சந்திக்கிற காட்சியில் தொண்டை அடைத்தது. அன்று இரவு ஊருக்குப் போன் போட்டேன். அங்கே காலை. அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்து எடுத்தாள். டிக்ஸி சாகவே இல்லையாம்மா, அந்த நெஞ்சு டாக்டர் காப்பாற்றி ஒளித்து வைத்திருந்தானாம், திரும்பி வந்துவிட்டாள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அம்மா, அம்மா என்றேன்.

“அப்பம் நான் அன்னிக்கித் தலைக்கு ஊத்துனது?” என்றாள்.