அனல் மின் நிலையத்தை மூடுவது எப்படி: கேள்வி பதில்

கே: 500 மெகாவாட் நிலக்கரி அலகுக்கு 500 மெகாவாட் சூரிய மின்சாரம் ஈடாகுமா?

ப: ஆகாது. அந்த அலகு தருவது மின்சாரம் மட்டுமல்ல. மாலை உச்ச நேரத்துக்கு உறுதியான திறன், சுழலும் எடையின் நிலைமம், மின்பாதையில் பிழை (குறுக்குச்சுற்று போன்றது) நேரும்போது பாயும் பெரிய மின்னோட்டம் ஆகியவையும் அதிலிருந்தே வருகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது. வேறெங்கோ ஓர் அலகு விழுந்தால், முதல் சில வினாடிகள் அதிர்வெண் சரிவை மட்டுப்படுத்துவது அந்தச் சுழற்சிதான். கம்பி அறுந்து விழுந்தால் ஜெனரேட்டர் இயல்பைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் கொடுக்கும். சூரியத் தகடு, பேட்டரி ஆகியவற்றின் மின்சாரத்தைத் தொகுப்புக்கேற்ப மாற்றித் தரும் சாதாரண இன்வெர்ட்டர் சுமார் 1.2 மடங்கோடு நின்றுவிடும். பிழையைக் கண்டு பாதையைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேயைப் பழைய அமைப்பிலேயே விட்டால், அது அந்தப் பிழையைப் பார்க்காமலே போகலாம். ஆகவே ஓராண்டுக்கு மணிவாரியாகத் தேவையைக் கணக்கிட்டு, ரிலே அமைப்புகளையும் திருத்துங்கள். மாற்று ஓடிக் காட்டிய பிறகே மூடும் தேதி.

கே: எவ்வளவு முன்னதாக அறிவிக்க வேண்டும்?

ப: ஆஸ்திரேலியாவின் 1600 மெகாவாட் ஹேசல்வுட் நிலையத்தை 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச்சில் மூடினார்கள். ஐந்து மாதத்தில் எந்த மாற்றும் எழும்பாது. பிறகு அங்கே மூன்றாண்டு முன்னறிவிப்பு கட்டாயமானது. புதிய மின்பாதை தேவையென்றால் அதுவும் போதாது.

கே: பழைய ஜெனரேட்டரையே சிங்க்ரனஸ் கண்டென்சராக்கலாமா?

ப: தாராளமாக. எரிபொருள் இல்லாமல் தொகுப்போடு சேர்ந்து சுழன்று நிலைமமும் பிழை மின்னோட்டமும் தரும் இயந்திரம் அது. டர்பைன் இணைப்பைக் கழற்றினால் ரோட்டாரை அச்சுவாக்கில் பிடித்திருந்த தாங்கியும் போய்விடும். புதிதாக ஒன்று போடுங்கள். ஓட்டத்தைத் தொடங்கத் தனி மோட்டாரோ அதிர்வெண் மாற்றியோ வேண்டும்.

கே: தொகுப்பின் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே உருவாக்கும் பேட்டரி இருக்கக் கண்டென்சர் வீண்செலவு அல்லவா?

ப: அதிர்வெண்ணைத் தாங்குவதில் பேட்டரி கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். பிழை மின்னோட்டத்தில் இல்லை.

கே: பேட்டரியின் இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்கினால்?

ப: வாங்கலாம். அந்தக் கூடுதல் விலையைக் கண்டென்சர் விலையோடு வைத்துப் பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியா 2021-ல் நான்கு கண்டென்சர்களை இயக்கியது. எப்போதும் ஓடியாக வேண்டிய எரிவாயு அலகுகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பேட்டரியும் கண்டென்சரும் சேர்ந்து இருக்கட்டும் என்பதே என் முடிவு.

கே: 300 மெகாவாட்டை மூடி 300 மெகாவாட் காற்றாலை வைத்தால்?

ப: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலே இதற்கும். மாற்று முதலில், தேதி பிறகு.

கே: ஒப்பந்த இழப்பீடு யார் தருவது?

ப: வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கே: சாம்பல் குளத்தின்மேல் மண்மூடி போட்டால் போதுமா?

ப: அடியில் நீர்புகா விரிப்பில்லாமல் சாம்பல் நிலத்தடி நீரில் நின்றால் போதாது, ஆர்செனிக்கும் போரானும் பக்கவாட்டில் கசியும். கண்காணிப்புக் கிணறு போட்டுப் பாருங்கள். நீர் தொட்டால் தோண்டி அகற்றுங்கள்.

கே: கடைசி நாளில் எதில் தவறு நேரும்?

ப: கொதிகலனுக்கு நிலக்கரி ஊட்டும் சேமிப்புத் தொட்டியான பங்கரில். மிச்ச நிலக்கரி தானே சூடேறித் தீப்பிடிக்கும். எரித்துக் காலியாக்கிவிட்டே நிறுத்துங்கள். நின்றதும் டர்பைனைப் பாரிங் கியரில் (தண்டை மோட்டாரால் மெதுவாகத் திருப்பும் பல்லிணைப்பு) மெல்லச் சுற்றவிடுங்கள், சூட்டோடு நின்றால் தண்டு வளையும். ஹைட்ரஜன் குளிர்விப்புள்ள ஜெனரேட்டரில் நேராகக் காற்றை விடக் கூடாது, கலவை வெடிக்கும். கரியமில வாயுவைக் கீழிருந்து ஏற்றி ஹைட்ரஜனை மேல்வழியாக வெளியேற்றி, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே காற்று.