வியன்னா: மதிலை இடித்த காசில் எழுந்த ஊர் – கேள்வி பதில்

வியன்னாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஊரை நடந்தே சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. "இந்த ஊர் எப்படி இப்படி ஆனது? என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாய்விட்டுவிட்டேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மொஸார்ட் பற்றியும் சாக்லேட் கேக் பற்றியும் கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் கல்லும் மண்ணும் பார்க்கிற ஆள்.

கேள்வி: அக்கா, வரைபடத்தில் ஊர் நடுவே ஒரு வளையம், அதற்கு வெளியே இன்னொரு வளையம் தெரிகிறது. காம்பஸ் வைத்துப் போட்டார்களா?

காம்பஸ் இல்லை தம்பி, பீரங்கி.

இரண்டும் மதில் நின்ற இடங்கள். 1529-இல் துருக்கியர் முற்றுகையிட்டபோது பழைய மதில் இனித் தாங்காது என்று புரிந்துபோனது. அதன்பின் கொத்தளங்களோடு புதிய கோட்டை எழுந்தது. 1683 முற்றுகையை அதுதான் தாங்கியது. அந்தக் கோட்டையைச் சுற்றி ஏறக்குறைய 450 மீட்டர் அகலத்துக்கு வெட்டவெளி விட்டிருந்தார்கள். வருகிற எதிரி ஒளிந்துகொள்ள ஒரு மரமோ குடிசையோ இருக்கக் கூடாது. உள் வளையமான ரிங்ஸ்ட்ராஸ அந்த இடத்தில்தான் ஓடுகிறது.

வெளி வளையம் 1704-இல் ஹங்கேரியக் கலகப் படைகளைத் தடுக்க அவசரமாகப் போட்ட மண் அரண். பிற்பாடு அது வரி வசூலிக்கும் எல்லையாகிவிட்டது. அதைத் தாண்டி உள்ளே வரும் உணவுக்கும் மதுவுக்கும் காசு கட்ட வேண்டும். அதனால் அரணுக்கு வெளியே இறைச்சியும் விலை குறைவு, மதுவும் விலை குறைவு, வாடகையும் குறைவு. கூலிக்காரர்கள் எங்கே குடியேறியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரண் போய் இப்போது அங்கே குர்டல் என்னும் பெருஞ்சாலை. அதன் உள்பக்கம் வசதி, வெளிப்பக்கம் வேலைக்காரப் பேட்டை என்ற பழைய வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

இவற்றைவிடப் பழைய கோடு ஒன்றும் இருக்கிறது. ஊரின் விலையுயர்ந்த கடைத்தெருவுக்குக் கிராபென் என்று பெயர். ஜெர்மனில் 'அகழி' என்று பொருள். விந்தோபோனா என்ற ரோமானியப் படைமுகாமின் அகழி அது. பக்கத்துச் சந்தான நாக்லர்காஸ, கடைசியில் காரணமே இல்லாததுபோல் வளைந்து திரும்பும். முகாம் மதிலின் மூலை அங்கே உருண்டையாக இருந்திருக்கிறது. மதில் மண்ணோடு போயிற்று, வளைவு போகவில்லை. என்னோடு வருகிறவர்களை முதலில் நிறுத்துவது அங்கேதான்.

கேள்வி: ரிங்ஸ்ட்ராஸ அழகுக்காகப் போட்டதா, கலகக்காரர்களைச் சுடுவதற்காகப் போட்டதா? இரண்டு மாதிரியும் படித்திருக்கிறேன்.

இரண்டுக்கும்தான். ஆனால் நான் கேட்கிற கேள்வி வேறு: யார் காசில்?

1848 புரட்சியில் வியன்னா மக்கள் அரச குடும்பத்தையே ஊரைவிட்டு ஓட வைத்தார்கள். பீரங்கிகள் மாறிவிட்ட காலத்தில் மதிலால் வெளி எதிரிக்கு எதிராகப் பெரிய பயன் இல்லை. ஆனாலும் ராணுவம் அதை விட மனமில்லாமல் இருந்தது. பயம் உள்ளே இருந்தவர்கள் மேல். கடைசியில் 1857 டிசம்பர் 20-இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் உள்துறை அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். "இது என் விருப்பம்" என்று தொடங்கும் அந்தக் கடிதம் கிறிஸ்துமஸ் அன்று செய்தித்தாளில் வந்தது. மதிலை இடி, அகழியைத் தூர், ஊரைப் பெரிதாக்கு. ராணுவத்தைச் சமாதானப்படுத்தப் பெரிய படைமுகாம்களும் திட்டத்தில் சேர்ந்தன. செங்கல் நிறத்தில் ரோசாவர் முகாம் இன்றும் நிற்கிறது. 57 மீட்டர் அகலச் சாலையில் தடுப்பரண் போடுவதும் லேசான காரியம் இல்லை.

1858-இல் போட்டி வைத்தார்கள், 85 திட்டங்கள் வந்தன. சாலை 1865 மே 1-இல் திறக்கப்பட்டது.

இப்போது காசுக்கு வருவோம். அந்த வெட்டவெளி அரசின் கையில் இருந்தது. ஊருக்கு நடுவில் காலி நிலம், ஒரே உரிமையாளர்: நகரத் திட்டக்காரனுக்குக் கனவில்கூடக் கிடைக்காத வரம். இதற்கென்றே ஒரு நிதியம் வைத்து மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு முப்பது வருடம் வரிச் சலுகை. வங்கிக்காரர்கள், ஆலை முதலாளிகள், பிரபுப் பட்டத்துக்கு ஆசைப்பட்ட புதுப் பணக்காரர்கள் எல்லாரும் வந்து விழுந்தார்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் ஓபெரா என்னும் இசைநாடக அரங்கும் அருங்காட்சியகங்களும் எழுந்தன. மாளிகை என்று பேர், ஆனால் பலவற்றில் முதல் மாடியில் முதலாளி குடும்பம், மேலே வாடகைக்கு விட்ட வீடுகள், தரைத்தளத்தில் கடை.

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் எப்ஸ்டைன் மாளிகையைப் பாருங்கள். கட்டிய வங்கிக்காரர் 1873 பங்குச் சந்தைச் சரிவில் நொடித்துப்போய் அதை விற்க நேர்ந்தது. 1945-க்குப் பிறகு பத்து வருடம் சோவியத் ராணுவத் தலைமை அங்கே உட்கார்ந்திருந்தது. இப்போது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஒரே வீடு, ஊரின் நூற்றைம்பது வருட ஜாதகம்.

கேள்வி: கிரேக்கக் கோயில் மாதிரி ஒன்று, கோதிக் தேவாலயம் மாதிரி ஒன்று... கதம்பமாக இருக்கிறதே?

வேண்டுமென்றே செய்த கதம்பம். மக்களாட்சி பிறந்தது கிரேக்கத்தில், ஆகவே நாடாளுமன்றம் கிரேக்கம். நகர மக்களின் தன்னாட்சி இடைக்கால பிளாண்டர்ஸ் நகரங்களில் செழித்தது, ஆகவே மாநகராட்சிக் கட்டடம் கோதிக். கல்விக்கு மறுமலர்ச்சிக் காலப் பாணி. 1898-இல் அடால்ஃப் லோஸ் என்ற கட்டடக்கலைஞர் இந்த ஊரையே 'பொட்டெம்கின் நகரம்', அதாவது வெறும் முகப்பு நகரம் என்று கிழித்தார். பகலில் நான் லோஸ் கட்சி. இரவில் விளக்குப் போட்டதும் கட்சி மாறிவிடுகிறேன்.

கேள்வி: ஓபெராவைக் கட்டியவர் ஊர்ப்பேச்சு தாங்காமல் உயிரை விட்டாராமே, உண்மையா?

உயிரை மாய்த்துக்கொண்டது உண்மை. வான் டெர் நுல், சிக்கார்ட்ஸ்பூர்க் என்று இருவர் கட்டினார்கள். வேலை தொடங்கிய பிறகு முன்னால் இருந்த சாலையின் மட்டத்தை ஒரு மீட்டர் போல உயர்த்திவிட்டார்கள். கட்டடம் குழிக்குள் உட்கார்ந்தது போலானது. பத்திரிகைகள் 'மூழ்கிய பெட்டி' என்று எழுதின. வான் டெர் நுல் 1868 ஏப்ரலில் இறந்தார், இரண்டு மாதத்தில் நோயால் கூட்டாளியும். 1869 மே மாதம் திரை உயர்ந்தபோது இருவருமே இல்லை. அதன்பின் பேரரசர் எதைப் பார்த்தாலும் "மிக அழகு, மிகவும் மகிழ்ந்தேன்" என்று மட்டுமே சொல்வார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

கேள்வி: பணக்காரர்கள் கதை போதும். கூலிக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஒண்டுக்குடித்தனம். 1910-இல் மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தாண்டியது. வீடு அந்த வேகத்தில் வளரவில்லை. ஒரு மனையில் 85 சதவீதம் வரை கட்டலாம் என்றது சட்டம். மிச்சம் இருப்பது காற்று வராத ஒரு முற்றம். ஒரு சமையலறை, ஒரு அறை, முடிந்தது. நடைவழியிலிருந்துதான் சமையலறைக்கு வெளிச்சம். தண்ணீரும் அங்கேதான்: மாடிக்கு ஒரு குழாய், சுவரில் பதித்த இரும்புத் தொட்டி. அதற்குப் 'பசேனா' என்று பெயர். 'பசேனாப் பேச்சு' என்று வியன்னாக்காரர்கள் சொன்னால் நம் குழாயடிப் பேச்சுதான், அட்சரம் பிசகாமல் அதே. வாடகை கட்ட முடியாதவர்கள் படுக்கையை மட்டும் உள்வாடகைக்கு விட்டார்கள். இரவு வேலைக்குப் போகிறவன் பகலில் தூங்குவான், பகல் வேலைக்காரன் இரவில்.

நான் இங்கே வந்து முதலில் இருந்த வீட்டிலும் கக்கூஸ் வெளியே, நடைவழிக் கோடியில். ஜனவரி குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு சாவியோடு போவேன். பசேனா அப்படியே இருந்தது. யாரோ அதில் ஒரு செடி வைத்திருந்தார்கள்.

கேள்வி: 'செவ்வியன்னா' அறுபதாயிரம் வீடு கட்டியது என்கிறார்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஊருக்கு அவ்வளவு காசு ஏது?

காத்திருந்த கேள்வி. 1919-இல் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. அவர்கள் ஆண்ட காலத்துக்குத்தான் செவ்வியன்னா, அதாவது சிவப்பு வியன்னா என்று பெயர். 1922 முதல் வியன்னா தனி மாநிலம். தானே வரி போடும் அதிகாரம் வந்தது. நிதிப் பொறுப்பில் ஹூகோ பிரைட்னர். அவர் முன்னாள் வங்கி இயக்குநர். எங்கே பணம் இருக்கிறது என்று தெரிந்த ஆள்.

1923-இல் வீட்டு வரி போட்டார். எல்லா வீட்டுக்கும் உண்டு, ஆனால் சிறு வீட்டுக்குப் பெயருக்கு, பெரிய மாளிகைக்குத் தலையில் கைவைக்கிற அளவு. உச்சியில் இருந்த அரை சதவீத வீடுகளே வசூலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தன. வீட்டு வேலையாட்கள், குதிரை, கார், கேளிக்கை என்று சொகுசுக்கெல்லாம் தனி வரி.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. 1917-இல், போர்க் காலத்தில், வாடகையை உயர்த்தக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. பிறகு பணவீக்கம் அந்த வாடகையைச் செல்லாக்காசாக்கியது. வாடகை வராத ஊரில் எவன் மனை வாங்குவான்? நில விலை விழுந்தது. நகரம் வாங்கிக் குவித்தது. பேரரசருக்குச் சும்மா கிடைத்த வரத்தை இவர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிப் பணத்திலேயே கட்டியதால் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேல் வீடுகள்.

கார்ல் மார்க்ஸ் ஹோஃப் அவற்றில் பெரிய பேர். 1927 முதல் 1930 வரை கட்டியது, வடிவமைத்தவர் கார்ல் ஏன் (Karl Ehn) என்ற கட்டடக்கலைஞர். 1,382 வீடுகள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மனையில் 18 சதவீதம்தான் கட்டடம், மீதி முற்றமும் புல்வெளியும். முன்னே சொன்ன 85-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். வீடுகள் சின்னவைதான். ஆனால் தண்ணீரும் கக்கூஸும் வீட்டுக்குள். குளியலும் துணி துவைப்பும் பொதுக் கூடத்தில். குழந்தைகள் பள்ளி, நூலகம் எல்லாம் உண்டு. சுவரில் பெரிய எழுத்தில், வீட்டு வரிப் பணத்தில் மாநகராட்சி கட்டியது என்று எழுதியிருக்கும். யார் காசு என்று சுவரிலேயே எழுதிவைத்த ஊர் வேறு எது!

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை வந்தபோது ராணுவம் இந்தக் கட்டடத்தின் மேல் பீரங்கியால் சுட்டது. அத்தோடு செவ்வியன்னா முடிந்தது.

கேள்வி: மற்ற நாடுகளில் அரசுக் குடியிருப்புகள் சேரியாகிவிட்டன. இங்கே மட்டும் சொர்க்கமா? நம்ப முடியவில்லை.

சொர்க்கம் இல்லை சார். மாநகராட்சிக்கு இன்று சுமார் 2,20,000 வீடுகள் சொந்தம். மானிய வீடுகளையும் சேர்த்தால் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இவற்றில்தான். வருமான உச்சவரம்பு தாராளம் என்பதால் ஆசிரியரும் நர்ஸும் பஸ் ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். சேரியாகாததற்கு என் கணிப்பில் அதுதான் காரணம்.

குறையும் உண்டு. விண்ணப்பிக்கவே ஊரில் இரண்டு வருடம் பதிவாகி இருந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவன் அதுவரை தனியார் வீட்டு வாடகையில் சிக்கி மூச்சுத் திணறுவான், நானும் திணறினேன். உள்ளே இருப்பவர்கள் ஒப்பந்தத்தைக் குடும்பத்துக்குள்ளேயே கைமாற்ற முடியும். வருமானம் ஏறினாலும் யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. இது நியாயமா என்று இங்கேயே ஓயாமல் சண்டை.

கேள்வி: டான்யூப் நகரம் என்கிறார்கள், ஊர் நடுவில் ஆற்றையே காணோமே?

நடுவில் ஓடுவது கால்வாய். உண்மையான ஆறு பல கிளையாகப் பிரிந்து வெள்ளத்தில் ஊரை முக்கிக்கொண்டிருந்தது. 1870-75-இல் நேராக வெட்டி ஒதுக்கினார்கள். அதுவும் போதாது என்று 1954 வெள்ளம் காட்டியது. 1972 முதல் 1988 வரை பக்கத்திலேயே இன்னொரு வெள்ளக்கால் வெட்டினார்கள். தோண்டிய மண்ணை நடுவில் கொட்ட, 21 கிலோமீட்டர் நீளத் தீவு ஆகிவிட்டது. வெயில் காலத்தில் பாதி ஊர் அங்கேதான் கிடக்கும். காசு கிடையாது, வேலி கிடையாது.

கேள்வி: குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

தாராளமாக. ஆல்ப்ஸ் ஊற்றுத் தண்ணீர், பம்பு இல்லாமல் சரிவிலேயே இறங்கி வருகிறது. எடுவர்ட் சூஸ் என்ற நிலவியலாளர் விடாப்பிடியாக நின்று 1873-இல் முதல் குழாய்த்தடத்தைக் கொண்டுவந்தார். 1910-இல் இரண்டாவது. ஸ்வார்சன்பெர்க் சதுக்கத்து நீரூற்று முதல் தண்ணீர் வந்ததன் கொண்டாட்டம்.

கேள்வி: பூங்காவில் ஜன்னலே இல்லாத கான்கிரீட் பூதம் ஒன்று நிற்கிறதே?

நாஜிக் காலத்து விமான எதிர்ப்புக் கோபுரம். மொத்தம் ஆறு, மூன்று ஜோடி. வெடி வைத்தால் சுற்றி உள்ள வீடுகளும் போய்விடும் என்பதால் நிற்கின்றன. ஒன்றுக்குள் மீன் காட்சியகம் நடக்கிறது.

கேள்வி: புதிதாக எதுவும் கட்டுகிறார்களா?

சேஸ்டாட். பழைய ஆஸ்பெர்ன் விமானத் தளத்தில், நடுவே ஏரி வெட்டி, 240 ஹெக்டேரில் எழுகிற புறநகர். 2013-இல் மெட்ரோ போய்ச் சேர்ந்தபோது அங்கே கிரேன்களும் வயலும்தான். ஆள் வருவதற்கு முன்பே ரயில் வந்தால் எவனும் காரைப் பழக மாட்டான் என்ற கணக்கு. தெருக்களுக்குப் பெரும்பாலும் பெண்களின் பெயர்: ஹன்னா அரெண்ட் சதுக்கம், ஜானிஸ் ஜாப்ளின் நடைபாதை. மரம் இன்னும் வளரவில்லை, காற்று முகத்தில் அறையும். எனக்கு இன்னும் மனசு ஒட்டவில்லை.

கேள்வி: அக்கா, ஒரே ஒரு நாள்தான் வருகிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் பார்க்க வழி சொல்லுங்கள்.

காலையில் நாக்லர்காஸ வளைவு, அப்படியே கிராபென். டிராம் ஏறி ரிங்கில் எப்ஸ்டைன் மாளிகை. பிறகு கார்ல்ஸ்பிளாட்ஸில் யு4 ரயில் பிடித்து ஹைலிகென்ஸ்டாட்டில் இறங்குங்கள். வெளியே வந்தால் எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். அது குடியிருக்கிற இடம், ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்காதீர்கள். பழைய துவைப்புக் கூடம் ஒன்றில் காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். சாயங்காலம் தீவு. வெயில் காலம் என்றால் துண்டு எடுத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள், காலி பாட்டில் போதும்.