லித்தியமும் உப்பில்லாத சாப்பாடும்

கேள்வி: பைபோலார் என்ற மனநிலை நோய்க்காக என் கணவர் நான்கு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுங்குகிறது, தாகம் அடங்குவதில்லை, எடையும் கூடிவிட்டது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்து, உப்பை நிறுத்திவிட்டோம். மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?

பதில்: அம்மா, இன்றைய சமையலிலேயே வழக்கமான உப்பைப் போடுங்கள். சிறுநீரகத்தைக் காக்க நினைத்து அதற்கு நேர்மாறானதைச் செய்திருக்கிறீர்கள். உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். லித்தியமும் கூடவே தங்கிவிடும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். நாளையே லித்தியம் அளவைப் பாருங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும்.

லேசான நடுக்கத்துக்குக் காபியைக் குறையுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் போதும். குளிர்பானம் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். சிறுநீர் மிக அதிகமாகப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் காவல் இருக்க வேண்டியது நடுக்கம் மாறுகிறதா என்பதற்குத்தான். டம்ளரில் காபி லேசாக அலைந்தால் பரவாயில்லை. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கொட்டுகிறார், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ லித்தியம் நஞ்சாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, 'லித்தியம் சாப்பிடுகிறார்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் குடிபோதை என்று நினைத்துவிடுவார்கள்.

வெறும் வயிற்றுப்போக்கோ, வெயிலில் வியர்த்து நீர் வற்றுவதோகூட அளவை ஏற்றிவிடும். அதைவிட எனக்குக் கோபம் வருவது, முட்டி வலிக்குக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் மீதுதான். இவையும் லித்தியத்தை உடலில் தேக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்த மாத்திரை புதிதாகத் தொடங்கினாலும் லித்தியத்தைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

சிறுநீரக பயம் முழுப்பொய் இல்லை. நீண்ட காலம் சாப்பிடுவோரில் சிலருக்குச் செயல்பாடு மெல்லக் குறையும். 6 மாதத்துக்கு ஒருமுறை, தைராய்டோடு சேர்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். குறைந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், மருந்தை மாற்றலாம். ஆனால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலேயே நோய் மூர்க்கமாகத் திரும்பலாம், தற்கொலை எண்ணமும் வரலாம். நிறுத்துவதென்றால் மனநல மருத்துவர் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்துவார். அவரைப் பார்க்கும்போது, உப்பை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.