பனி பெய்த மறுநாளைப் பற்றி ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தெற்கு லண்டனில் குரோய்டனில் குடியேறியிருப்பதாகவும், முதியோரை அவர்களது வீடுகளுக்கே சென்று பராமரிக்கும் வேலையில் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலையிடத்தில் எல்லோரும் நாளுக்குப் பலமுறை கைபேசியில் வானிலையைப் பார்த்து, இந்த வாரம் ஸ்னோ வரும், வராது என்று பேசிக்கொள்வதையும், ஐந்து வயது மகன் ஒவ்வொரு காலையும் யன்னல் திரையை விலக்கிப் பார்த்து ஏமாறுவதையும் சொல்லி, லண்டனில் உண்மையிலேயே பனி பெய்யுமா, கிறிஸ்மஸுக்குப் பெய்யுமா, எந்தக் கோட் வாங்க வேண்டும், இந்த ஊர்க்காரர் பனியை விரும்புகிறார்களா அஞ்சுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கோட் விடயத்தில் ஆலோசனை சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பனி விழுந்த பின்பு வரும் இரண்டு மூன்று நாட்களைப் பற்றி உங்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

மகனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெய்யலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு முன்பே அதை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. இது கடல் சூழ்ந்த தீவு. குளிர்காலத்திலும் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று ஓரளவு சூட்டையும் நிறைய மழையையும் கொண்டுவருகிறது. கிழக்கே ஐரோப்பிய நிலப்பரப்பைக் கடந்து வட கடல் வழியாகக் குளிர்காற்று வரும்போதோ, அத்திலாந்திக் மழை ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் காற்றோடு மோதும்போதோதான் தென்கிழக்கு இங்கிலாந்தில் நிலத்தில் தங்கும் அளவுக்குப் பனி விழுகிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினாலும் அது மழையாக மாறிவிடும். கட்டடங்கள் நெருங்கிய நகர மையம் புறநகரை விடச் சூடாக இருப்பதால், உங்கள் பகுதியின் தெற்கு மேட்டுநிலம் வெள்ளையாகக் கிடக்கும்போது தேம்ஸ் கரையில் ஈரம் மட்டும் இருப்பதும் உண்டு. ஆகவே பத்து நாட்களுக்கு அப்பால் கைபேசி காட்டும் பனிப் படத்தை நம்பி மகனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த நாட்டின் வானிலை அவதான நிலையமான மெற் ஒபிஸ் வெளியிடும் மஞ்சள், அம்பர், சிவப்பு எச்சரிக்கைகளை மட்டும் கவனியுங்கள். கிறிஸ்மஸைப் பற்றிச் சொன்னால், டிசம்பர் 25 அன்று நாட்டில் எங்காவது ஒரேயொரு பனித்துகள் விழுவதைக் கண்டாலே மெற் ஒபிஸ் அதை வெள்ளைக் கிறிஸ்மஸ் என்று கணக்கிட்டுவிடும். 2010ஆம் ஆண்டைப்போல் நாட்டின் பெரும்பகுதி வெள்ளையாகக் கிடந்த கிறிஸ்மஸ் மிக அரிது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் வாய்ப்பு அதிகம் என்று மகனிடம் சொல்லி வையுங்கள்.

இந்த ஊர்க்காரரின் மனநிலையை உங்கள் வேலையிடத்திலேயே நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அரிதாக வருவதால் அவர்கள் அதற்காக ஏங்குகிறார்கள். அதே காரணத்தால் அதைச் சமாளிக்க எவரும் ஆயத்தமாக இருப்பதில்லை. 2009 பெப்ரவரி 2ஆம் திகதி காலையில் லண்டனின் பேருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன, ஆயிரக்கணக்கான பாடசாலைகள் மூடப்பட்டன. பதினெட்டு ஆண்டுகளில் தென்கிழக்கு கண்ட மிகப் பெரிய பனிப்பொழிவு அது. அன்று லண்டனின் குன்றுகளான பார்லிமெண்ட் ஹில்லிலும் பிரிம்ரோஸ் ஹில்லிலும் பிள்ளைகள் தட்டங்களிலும் அட்டைப்பெட்டிகளிலும் அமர்ந்து சறுக்கினார்கள். ஆண்டுக்கணக்காகத் தலையசைப்போடு கடந்து போன அயலவர்கள் வாசலில் நின்று பேசினார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர் அதை அனுபவிக்கும் விதமும், காலை ஆறு மணிக்கு ஒரு மூதாட்டியைப் படுக்கையிலிருந்து எழுப்பி மருந்து கொடுக்கப் போக வேண்டிய உங்களைப் போன்றவர் அனுபவிக்கும் விதமும் ஒன்றல்ல. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது இதனால்தான்.

நான் 1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்தேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் பலர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. 1991 பெப்ரவரியில் பனி கொட்டியது. உலர்ந்து, மாவைப்போல் மென்மையாக இருந்த அந்தப் பனி தொடருந்துகளின் மின்சார இயந்திரங்களுக்குள் புகுந்து அவற்றை நிறுத்திவிட்டது. முதல் இரவில் நிலையத்தின் விளக்கொளியில் அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு வரவில்லை. புதிய பனியின்மேல் நடந்து வீடு திரும்புவது கடினமாகவும் இருக்கவில்லை. கால் புதைந்தது, ஆனால் வழுக்கவில்லை. அதற்கடுத்த சில நாட்களில்தான், வெறும் ஈரம் என்று தோன்றிய நடைபாதையில் கால் வாரி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கையைப் பிடித்தபடி இருந்தவர்களின் வரிசையைப் பார்த்தபோது, அன்று விழுந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஜமேக்காவிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். மாவுக்கட்டோடு என்னைக் கண்டவர் உள்ளே அழைத்து, தான் கண்ட 1962-63 குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் தொடங்கிய பனி மார்ச் வரை விலகாத குளிர்காலம் அது. 1740க்குப் பிறகு இங்கிலாந்து அப்படியொரு குளிரைக் கண்டதில்லை. அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிக்கொண்டு, நிறம் காரணமாக நல்ல வீடு வாடகைக்குக் கிடைக்காமல், அவர்கள் அந்த மாதங்களைக் கடந்திருக்கிறார்கள். சப்பாத்துக்கு மேலே பழைய கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டால் பனிக்கட்டியில் பிடிமானம் கிடைக்கும் என்று அவர்தான் காட்டித் தந்தார். இன்றைக்கும் அவசரத்துக்கு நான் அதைத்தான் செய்கிறேன், என் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஆபத்தில் பாதி குறைந்துவிடும். விழுந்த பனி மிதிபட்டு இறுகுகிறது. பகலில் மேற்பரப்பு சிறிது உருகி நீராகிப் பரவுகிறது. இரவில் வானம் தெளிந்து வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும்போது அந்த நீர் கண்ணாடிபோல் உறைந்து, கீழேயுள்ள தாரின் நிறத்திலேயே தெரிகிறது. பிளாக் ஐஸ் என்று இவர்கள் அஞ்சுவது இதைத்தான். 2022 டிசம்பரில் ஒரு ஞாயிறு இரவு பெய்த பனி அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் இவ்வாறே உறைந்து கிடந்தது. உள்ளூராட்சி சபையான கவுன்சிலின் வாகனங்கள் முதன்மை வீதிகளுக்கும் பேருந்து வழிகளுக்கும் உப்புத் தூவுகின்றன. நீங்கள் நடந்து போகப்போகும் குறுக்குத் தெருக்களுக்கும் நடைபாதைகளுக்கும் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. டிசம்பர் முடிவில் இங்கே சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே உதிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் முதல் வீட்டுக்கு நீங்கள் இருளில்தான் போவீர்கள்.

நடக்கும்போது மழைக்கால வயல் வரம்பில் நடப்பதைப்போல் அடியைச் சிறிதாக எடுத்து, பாதம் முழுவதையும் ஒரேயடியாகப் பதித்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து நடவுங்கள். கைகளைப் பைக்குள் வைக்காதீர்கள். அதற்காகவே நல்ல கையுறை வேண்டும். கோட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, நீர் புகாத, அடியில் ஆழமான வரிகள் உள்ள சப்பாத்து வாங்குங்கள். வாசற்படியில் முதல் நாள் மாலையே சாதாரண உப்பைத் தூவினால் போதும், சதுர மீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு. பனியை உருக்கச் சுடுநீர் ஊற்றவே கூடாது. அது சற்று நேரத்தில் முன்னதை விட மோசமான பனிக்கட்டியாகிவிடும். தெருமுனையில் கவுன்சில் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டியிலுள்ள உப்பு பொது வழிக்கானது. வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைத் துப்புரவாக்கினால் யாராவது விழுந்து வழக்குப் போடுவார்கள் என்று நம்மவர் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கவனமாகச் செய்தவர்மீது அப்படி வழக்கு வருவது மிக அரிது என்று அரசாங்கமே சொல்கிறது. துப்புரவாக்கும்படி ஊக்கமும் தருகிறது. நான் ஒவ்வொரு முறையும் எங்கள் வாசலோடு சேர்த்து இருபக்கத்து முதியவர்களின் வாசலையும் காலையிலேயே துப்புரவாக்கிவிடுவேன்.

கணவர் வாகனம் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பனிக்கட்டியில் வாகனம் நிற்க எடுக்கும் தூரம் பத்து மடங்கு வரை கூடலாம் என்று நெடுஞ்சாலை விதிநூல் சொல்கிறது. யன்னல்கள் முழுவதையும் சுரண்டித் துப்புரவாக்கிய பின்பே புறப்பட வேண்டும். முன்கண்ணாடியில் சிறு துவாரம் மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டுவது குற்றம். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குள் போகவும் வேண்டாம்; வாகனம் திருட்டுப் போனால் காப்புறுதிப் பணம் கிடைக்காமலும் போகலாம்.

இன்னொன்று, வீட்டைச் சூடாக்கும் பொயிலர். அதிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறங்கும் மெல்லிய பிளாஸ்ரிக் குழாயில் நீர் உறைந்தால், மிகக் குளிரான காலையிலேயே பொயிலர் நின்றுவிடும். அந்தக் குழாயின்மீது கொதிக்காத வெந்நீரை மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். எட்டாத உயரத்தில் இருந்தால் வீட்டு உரிமையாளரை அழையுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. அந்த 1991 பனியில் பேருந்து ஓடாத ஓர் இரவு நான் நடந்தே வேலைக்குப் போய்த் தாமதமாகச் சேர்ந்தேன். அதற்காக என் சம்பளத்தில் வெட்டியவர் வேற்றினத்தவர் அல்லர், நம் ஊர்ப் பக்கத்தவரே. பனியில் நடந்து களைத்து வந்த என்னிடம் ஒரு தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காத அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சட்டப்படி, பனியால் வேலைக்குப் போக முடியாவிட்டால், ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தாலன்றிச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்குப் பொதுவாக இல்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை இப்போதே படித்துப் பாருங்கள். பனி நாளில் யார் எந்த வீட்டுக்குப் போவது, நடந்து போகக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மேற்பார்வையாளரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவதைத்தான் இத்தகைய முதலாளிகள் நம்பியிருக்கிறார்கள்.

கனடாவில் உறவினர் இருந்தால் அவர்கள், லண்டன் பனியெல்லாம் ஒரு பனியா, எங்களுக்கு மைனஸ் இருபது என்பார்கள். என் மைத்துனர் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் சொல்கிறார். ரொறன்ரோவில் பனி வரும் என்பது உறுதி. அதற்கென்று நகரசபையிடம் இயந்திரங்கள் உண்டு, வாகனங்களுக்குக் குளிர்காலச் சக்கரங்கள் உண்டு, மக்களிடம் தகுந்த சப்பாத்து உண்டு. இங்கே சில ஆண்டுகள் வரவே வராது என்பதால் எதுவும் இருப்பதில்லை. மைனஸ் இரண்டிலேயே மனிதர் விழுந்து எலும்பை உடைக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் அலட்சியமாகிவிடக் கூடாது. முதல் பனித்துகள் விழுந்ததும் படம் எடுத்து அனுப்பி மகிழும் நம்மவரிலும் பலர், தனியே இருக்கும் தாய்தந்தையரை அடுத்த நாள் அழைத்து, வெளியே போக வேண்டாம், என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. உங்கள் வேலையில் அதை நீங்கள் நேரில் காண்பீர்கள்.

மகனைப் பனியில் விளையாட விடுங்கள். காய்ச்சல் வரும் என்று பிள்ளையை யன்னலுக்குள்ளேயே வைத்திருக்கும் பெற்றோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மறுநாள் பாடசாலையில் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். புதிதாக விழுந்த பனி சில மணி நேரத்திலேயே சகதியாகிவிடுவதால் காலையிலேயே கூட்டிச் செல்லுங்கள். கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள், முதலாவது விரைவில் நனைந்துவிடும். பூங்காவில் உறைந்திருக்கும் குளத்தின் பக்கம் மட்டும் அவரைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் பேர்மிங்ஹாமுக்கு அருகே சோலிஹல்லில் உறைந்த ஏரியின் பனிக்கட்டி உடைந்து நான்கு சிறுவர்கள் உயிரிழந்தார்கள். இந்த நாட்டுக் குளங்களில் பனிக்கட்டி ஆளைத் தாங்கும் அளவுக்கு உறைவதாக ஒருபோதும் நம்பக் கூடாது.

பாடசாலை மூடப்படும் செய்தி அன்று காலை ஏழு மணியளவில்தான் கைபேசிக்கு வரும்; அந்த நேரம் நீங்கள் ஏற்கெனவே வேலைக்குப் புறப்பட்டிருப்பீர்கள். கணவருக்கும் வேலை இருந்தால் மகனை யாரிடம் விடுவது என்பதை, அதே வகுப்பில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் எவருடனாவது இப்போதே பேசி வையுங்கள்.